பின்னாடி சூடு வருதா என்று கேட்டவர்

பிலோமினா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு கம்ப்ளெயின்ட் மாதிரிதான் வந்து சேர்ந்தது. காலையில் சர்வீஸ் சென்டரின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போன் அடித்தது. அதை எடுப்பது அவர் வேலை. அவரை இன்னும் காணோம். ராத்திரியெல்லாம் மழை, பஸ் தாமதமாகியிருக்கும் என்று நானே எடுத்தேன். ஒரு பெண் குரல் எடுத்த எடுப்பில் முகவரி சொல்ல ஆரம்பித்தது. நெல்லித்தோப்பு, மாதா கோயிலுக்குப் பின் தெரு. நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே, "என்ன மாடல்?" என்று கேட்டேன். 

"நான் பிலோமினாவோட அக்கா பேசறேன். விடிகாலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

கம்ப்ளெயின்ட் தாளில் முகவரி பாதி எழுதியிருந்தது. மீதியையும் எழுதி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மாதா கோயிலில் போடுகிற பங்கு மலரில் போட நல்ல வார்த்தை நாலு எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு நல்ல வார்த்தை வராது. பாகூர்ப் பக்கம் நெல் போடுகிற குடும்பம், படித்தது டிப்ளமா மெக்கானிக்கல், பார்ப்பது ஓவன் ரிப்பேர். நடந்ததை எழுதுகிறேன். அதில் நல்ல வார்த்தை இருந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவரைக் கோயிலில் பார்த்துப் பழக்கம் இருக்கும். மீதிப் பேருக்கு அவர் வெறும் குரல். தட்டாஞ்சாவடியில் எங்கள் சென்டர் இருக்கிறது. மேலே கேஸ் அடுப்பு, கீழே கேஸிலேயே எரியும் ஓவன், இரண்டும் ஒரே பெட்டியாக வருமே, அந்தச் சாமானுக்கு நாங்கள் சர்வீஸ். ஊரில் யார் வீட்டு ஓவன் மக்கர் செய்தாலும் முதலில் கேட்கிற குரல் பிலோமினா அக்காவுடையது. துக்க வீட்டில் ஒருவர் அதை இனிமையான குரல் என்றார். அது இனிமையான குரல் இல்லை. தகரத்தை அறுக்கும்போது ஒரு சத்தம் வரும், அது மாதிரி. அவருக்கே அது தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. "எந்த மழையிலயும் என் குரல் கேக்கும் தம்பி," என்பார்.

என்னை 'இன்ஜினியரு' என்று கூப்பிடுவார். டிப்ளமாக்காரனை அப்படிக் கூப்பிட்டால் சுருக்கென்று இருக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டார். போனைத் தொடவே விட மாட்டார். "நீ ரெண்டு வார்த்தை பேசுனா அவங்க ஓவனயே திருப்பிக் குடுத்துடுவாங்க" என்பார். அதில் உண்மை இருந்தது. ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அப்படித்தான் ஒருநாள் ஒரு வீட்டம்மா மூன்றாவது முறையாகப் போன் செய்தார். ஓவனுக்குப் பின்னால், அடுப்புக்கு மேலே சுவர் ஓரமாக ஒரு நீளத் துவாரம் இருக்கிறது, அதன் வழியாகச் சூடு வீணாகப் போகிறது, ஆள் அனுப்பி அடைத்துக் கொடுங்கள் என்று. நான் அக்காவின் தலைக்கு மேலாகக் கத்தினேன், அதை அடைக்கச் சொல்பவர் மூக்கையும் அடைத்துக்கொள்ளட்டும் என்று. அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் பதமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டு, "கத்துனது போதும், ஏன் அடைக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லு" என்றார்.

கரண்ட் இல்லை. மழைக்கால மதியம், ஆபீஸ் இருட்டிக் கிடந்தது. மேஜை மேல் ஒரு சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையே காட்டினேன். தீ எரியக் காற்று வேண்டும். காற்று கீழே இந்த ஓட்டைகள் வழியாக உள்ளே வருகிறது. தானாக வரவில்லை. எரிந்து சூடான காற்று கண்ணாடி வழியாக மேலே ஏறி வெளியே போகிறது, அது போவதால்தான் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஓவனும் இதே கதைதான். அடியில் பர்னர், அதற்குக் காற்று கீழ்ச் சந்து வழியாக வருகிறது. சூடு பெட்டியைச் சுற்றி ஏறிப் பின்பக்கத் துவாரம் வழியாகப் போகிறது. போகிற வழியை அடைத்தால் வருகிற வழியும் சேர்ந்து அடைபடும். வீணாகப் போவதாக அந்த அம்மா சொல்கிற சூடுதான் தீயை உயிரோடு வைத்திருக்கிறது.

சொல்லிவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கண்ணாடியின் வாய் மேல் வைத்தேன். தீ உடனே அணையவில்லை. மஞ்சளாகி நீண்டது. இப்படியும் அப்படியும் தேடுவதுபோல ஆடியது. கண்ணாடி உள்பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. அக்கா தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டார். "கழுத்தப் புடிச்சு அமுக்குற மாதிரி இருக்கு, எடுடா" என்றார்.

நான் எடுக்கவில்லை, இன்னும் பாடம் முடியவில்லை. விளக்கு சின்னது, அணைந்துவிடும். ஓவன் சீக்கிரம் அணையாது, அரைகுறையாக எரிந்துகொண்டே இருக்கும். அப்படி எரியும்போது ஒரு வாயு வரும். கேஸ் லீக் ஆனால் நாறும், தெரிந்துவிடும். இது நாறாது. புகை மாதிரி கண்ணை எரிக்காது. ரத்தத்தில் நல்ல காற்று ஏறுகிற இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அப்ப அது வந்துருக்குன்னு வூட்டுல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தலை வலிக்கும், வாந்தி வர மாதிரி இருக்கும், தூக்கம் வரும். நல்லா தூக்கம் வரும்."

அவரே எழுந்து தட்டைத் தட்டிவிட்டார். அது தரையில் உருண்டு சுவரில் மோதி நின்றது. 

அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு போன் முடிவிலும் அந்தக் கேள்வி வந்தது. குமிழ் உடைந்த கம்ப்ளெயின்டாக இருந்தாலும் சரி, கதவு மூடாத கம்ப்ளெயின்டாக இருந்தாலும் சரி. "பின்னாடி சூடு வருதா? பத்த வச்சு, ஒரு சாண் தள்ளிக் கைய வச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்." அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாப்பிடுவார், வாரப் பத்திரிகை படிப்பார், எனக்குச் சைகையில் திட்டு விடுவார். வருது என்று அவர்கள் வாயால் சொன்னால்தான் போனை வைப்பார். எரிச்சலாக இருக்கும். ஒரு லைன்தான் இருந்தது, மற்ற கால்கள் உள்ளே வர முடியாது. அதற்காக நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் அப்படிக் கேட்டதில் வெளியே வந்த விஷயங்கள் எந்த டிப்ளமா புத்தகத்திலும் இல்லாதவை. ஒரு வீட்டில் சப்பாத்தி மாவைப் பிசைந்து துவாரம் முழுக்க அப்பியிருந்தார்கள். ஒரு வீட்டில் ஓவன் அடித்தட்டு அழுக்காகக் கூடாதென்று அலுமினியத் தாளை விரித்து எல்லா ஓட்டையையும் மூடியிருந்தார்கள். டிவிக்குப் போடுவதுபோல ஓவனுக்குப் பூ வேலை செய்த உறை தைத்துப் போட்டு, அதை எடுக்காமலேயே பற்ற வைத்த வீடும் உண்டு. வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டில் கருவாடு. வெயில் இல்லாத வாரம், அடுப்புக்குப் பின்னால் இதமான சூடு வருகிறது, வரிசையாக அடுக்கிவிட்டார்கள். அக்கா அதை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கேக்குல கருவாட்டு வாசன வருதாம், அதுதான் கம்ப்ளெயின்டு."

அந்தச் சிரிப்போடு அவருக்கு இன்னொன்றும் பிடிபட்டது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாள் கணக்கில் வெயில் முகம் காட்டாது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயாது, காலுறை காயாது. பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட யுக்தி, ஓவனைக் கொஞ்சமாக எரியவிட்டு, பின்னால் சூடு வருகிற இடத்தில் ஈரத்துணியைப் போட்டுவிடுவது. சாரல் அடிக்கும் என்று சன்னல்களையும் சாத்திவிடுவார்கள். அதோடு கிறிஸ்துமஸ் கேக் போடுகிற காலமும் அதுதான். "உன் துவாரத்தை அடைக்கறதுக்குன்னே ஒரு மாசம் இருக்கு, இன்ஜினியரு" என்றார். மழை தொடங்கினால் அவருக்கு முகம் மாறிவிடும். போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டார், ஒரு கணம் அதைப் பார்ப்பார்.

அந்த மாதங்களில் அவர் எல்லோரிடமும் விஷம் விஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தது முதலாளி காதுக்குப் போனது. ஓவன் வாங்க வந்த ஒருவர் திரும்பிப் போய்விட்டார். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் வியாபாரி. அக்காவைக் கூப்பிட்டு, இனி அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் வேலை இருக்காது என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். புருஷன் இல்லாமல், ஒரே மகளை வைத்துக்கொண்டு, அந்த வேலையில்தான் அவர் குடும்பம் நடந்தது.  அக்கா நேராக என் மேஜைக்கு வந்து, "அந்த வாயு வந்தா மொதல்ல என்ன ஆகும்னு சொன்ன?" என்று மறுபடி கேட்டார். தலை வலிக்கும் என்றேன்.

"சரி. விஷம்னு சொல்லல. தலவலின்னு கேக்கறேன். தலவலிய விசாரிக்கறத யாரு தடுக்க முடியும்?"

அப்படித்தான் இரண்டாவது கேள்வி பிறந்தது. "உங்களுக்குத் தல வலிக்குதா? வூட்டுல வேற யாருக்காவது வலிக்குதா?" முதல் கேள்வி நான் சொன்ன பாடத்திலிருந்து வந்தது. இரண்டாவது அவருடையது. ஒரு தலை வலித்தால் அது அந்த ஆளின் தலை, இரண்டு தலை வலித்தால் அது வீடு என்பார். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மனுஷங்களிடம் உடம்பு விசாரிக்கிற பழக்கமே கிடையாது.

உப்பளம் பகுதி வீடு ஒன்றிலிருந்து அந்தப் போன் வந்த மதியம் நானும் ஆபீஸில் இருந்தேன். புயல் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. பேசியவர் அக்கா 'மதாம்' என்று கூப்பிடுகிற ஒரு வாடிக்கையாளர். மாமனார் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர், அந்த வீட்டு கேக்குக்குத் தெருவே காத்திருக்கும். கேக் சிவக்க மாட்டேன் என்கிறது, தீ மஞ்சளாக எரிகிறது, காலையிலிருந்து ஓவன் ஓடுகிறது என்றார். அக்கா பின்னாடி சூடு வருதா என்று கேட்டார். அங்கே பசங்க யூனிஃபார்ம் கிடக்கிறது, கை வைக்க இடம் இல்லை என்று பதில். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை வலிக்குதா மதாம் என்றார். ஆமாம், விடிந்ததிலிருந்து. வேற யாருக்கு?

அதற்கு வந்த பதிலை அக்கா அப்படியே திரும்பச் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று. "மாமியாரு தலவலின்னு படுத்துட்டாங்க. பாப்பா தூங்குது. எழுப்புனா எழல."

நான் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். போகும்போது அந்தத் தகரக் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "மதாம், ஓவன நிறுத்துங்க. கதவத் தொறங்க. பாப்பாவத் தூக்கிக்கிட்டு வெளியில போங்க." அந்த அம்மா மழை உள்ளே அடிக்குமே, தரையெல்லாம் நனைந்துவிடுமே என்றிருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் பெரிய கவலையாகத் தெரியும்.

"நனையட்டும்," என்றார் அக்கா.

மற்றதை அவர் பிறகு சொல்லித்தான் தெரியும். அந்த அம்மா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு ஒன்றும் இல்லை. எங்கேயோ டிவி ஓடுகிற சத்தம். ஏதோ விழுகிற சத்தம். மறுபடி டிவி. அக்கா ரிசீவரில் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். முதலாளி தன் செல்போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார், அதை நான் சொல்லியாக வேண்டும். லைனைக் கட் பண்ணு, அக்கம்பக்கம் யாருக்காவது அடிக்கலாம் என்று அவர் சொன்னபோது அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்த ஒரு லைனைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. பிறகு போனுக்குள் மழைச் சத்தம் பெரிதானது. முதலில் கொஞ்சம், பிறகு தகரத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி. "கதவத் தொறந்துட்டாங்கடா. அந்த மழைச் சத்தம் கேட்டப்பதான் நான் மூச்சு வுட்டேன்," என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா வாசற்படியில் மழையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அழுகிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாமியாரை நானும் எதிர் டீக்கடைக்காரரும் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தோம். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்து மூவரும் வீடு திரும்பினார்கள். சமையலறையில் ஓவன் கதவைத் திறந்து பார்த்தேன். உள்பக்கம் அந்தச் சிம்னிக் கண்ணாடி மாதிரியே கறுத்திருந்தது. பின்னால் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

அந்த வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு கேக் வந்தது. அக்கா ஒரு துண்டு வாயில் போட்டு, "மெர்சி மதாம்" என்று போனில் பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பின்னாடி சூடு வருதா என்று கேட்டார். முதலாளி அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசவில்லை.

இனி துக்க வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதைப் பங்கு மலரில் எழுதலாமா என்று அக்காவின் அக்காவிடம் கேட்டேன். எழுது, நாலு பேருக்கு ஆகட்டும் என்றார்.

நான் போகும்போது முற்பகல். மழை விட்டபாடில்லை. வாசலில் தார்ப்பாய் கட்டி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் அக்காவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள், தலைமாட்டில் மெழுகுவர்த்தி. கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அந்த முகம் வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய அருமையைப் பற்றி அவரை அறியாத ஒருவர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தது எரிச்சலாக இருந்தது. வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன்.

அப்போது உள்ளேயிருந்து வந்த ஒரு பெண், தலைவலி மாத்திரை இருக்குதா என்று கேட்டார். யாரோ பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பின்னாலேயே இன்னொரு பெண் வந்து, எனக்கும் ஒண்ணு குடு என்றார். விடிகாலையிலிருந்து அழுது அழுது மண்டை பிளக்குது என்று பேசிக்கொண்டார்கள். துக்க வீட்டில் தலைவலி யாருக்கு இல்லை? மூன்றாவதாக ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, வாந்தி வர மாதிரி இருக்குது என்று கூடத்து ஓரம் உட்கார்ந்தார்.

எனக்குக் காதுக்குள் அந்தத் தகரக் குரல் கேட்டது என்று எழுதினால் பொய். எனக்கு அப்படியெல்லாம் கேட்காது. நான் எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான். தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிற ஆண்கள் ஒருவருக்கும் தலை வலிக்கவில்லை. கூடத்தில் பெட்டியைச் சுற்றி இருப்பவர்கள் இவர்களைவிட அதிகம் அழுதவர்கள், அவர்களும் மாத்திரை கேட்கவில்லை. கேட்ட மூவரும் சமையலறைப் பக்கமிருந்து வந்தவர்கள்.

அந்த வீட்டில் ஓவன் உண்டு. யாரோ கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிப் போன பழசை நான்தான் சரி செய்து அக்காவுக்குக் கொடுத்தேன். ஆனால் உடலை எடுக்கிற வரைக்கும் சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். காபி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, இட்லி எதிர் வீட்டிலிருந்து வந்தது. அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே அந்த எண்ணம் ஒரு நிமிஷம் குறுக்கே நின்றது.

சமையலறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அதற்கு வெளியே அக்காவின் அக்கா உட்கார்ந்திருந்தார். போகாதப்பா, செலின் இப்பத்தான் கண்ணசந்திருக்கா என்றார். செலின் அக்காவின் ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள். கூட்டத்தில் மயக்கமாக வருகிறது என்றதால் உள்ளே பாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். துணைக்கு இருந்த பெண்கள் மாத்திரைக்காக எழுந்து வந்துவிட்டார்கள்.

"உள்ள அடுப்பு எரியுதா?" என்று கேட்டேன்.

"சாவு வூட்டுல எப்படிப்பா எரியும்?"

"ஓவன்?"

"அது சமைக்கறதுக்கு இல்ல. ஊருலேர்ந்து வந்தவங்க எல்லாம் நனஞ்சு வந்தாங்க. துணி காயட்டும்னு சின்னதா வச்சிருக்கேன்."

கதவைத் தள்ளினேன். சன்னல் சாத்தியிருந்தது. உள்ளே இதமான சூடு, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாத சூடு. ஓவனின் பின்புறம் முழுக்கத் துண்டுகளும் புடவைகளும் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஓவன் கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்த தீ மஞ்சள். சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே தரையில் செலின் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. பார்த்தவர்கள் நல்ல தூக்கம் என்றுதான் நினைப்பார்கள்.

குமிழைத் திருப்பினேன். சன்னலையும் பின்கதவையும் அடித்துத் திறந்தேன். சாரல் நேராக உள்ளே வந்தது. செலினின் பெரியம்மா பின்னாலேயே வந்து, என்னப்பா செய்யற, தண்ணி கூடத்துக்கு ஓடும், பெட்டி நனைஞ்சிடும் என்று பதறினார்.

நான் என்ன சொன்னேன் என்று அவர்தான் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நினைவில்லை. நனையட்டும் என்று சொன்னேனாம்.

செலினைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் மழையிலேயே கிடத்தினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். கன்னத்தில் தட்டினேன். அவள் கண் பாதி திறந்து மூடியது. இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஆட்டோ வந்தது. ஏற்றும்போது அவள் வாந்தி எடுத்தாள், பிறகு "அம்மா எங்க" என்று கேட்டாள்.  ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி நல்ல காற்று கொடுத்தார்கள். அடக்கத்தைச் சாயங்காலத்திலிருந்து மறுநாளுக்குத் தள்ளி வைத்தார்கள். மறுநாள் அவள் தன் காலால் நடந்து கல்லறைக்கு வந்து அம்மாவுக்கு ஒரு பிடி மண் போட்டாள்.

நான் ஆட்டோவை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பி வந்தபோது பெரியம்மா அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் கூடம் வரைக்கும் ஓடிவிட்டது. யாரும் அதைத் துடைக்கவில்லை. திறந்த கதவுகள் வழியாக மழைச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

இப்போது சென்டரில் போனை நான் எடுக்கிறேன். புது ஆள் வரும்வரை என்று முதலாளி சொன்னார். புது ஆள் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை, கோபித்துக்கொண்டு போனை வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தம்மா எங்கே என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். உங்கள் பிலோமினா அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு கேள்விகளும் ஒரு வார்த்தையும்தான். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய நாள் இனி வர வேண்டாம்.

நேற்று ஒரு வீட்டிலிருந்து குமிழ் உடைந்துவிட்டது என்று போன். மழை பெய்துகொண்டிருந்தது. கம்ப்ளெயின்டை எழுதிவிட்டு, பின்னாடி சூடு வருதா, கையை வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன் என்றேன். அந்த அம்மா ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். காலடி தூரமாகப் போய் நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் அவர் எப்படிச் சாப்பிட்டார், எப்படிப் பத்திரிகை படித்தார் என்று தெரியவில்லை.

காலடி திரும்பி வந்தது. "வருதுப்பா," என்றார் அந்த அம்மா.

"வூட்டுல யாருக்காவது தல வலிக்குதா?" என்று அடுத்ததைக் கேட்டேன்.